யாருடைய பாவம், யாருக்கு மீட்பு?

(செஞ்சியில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாவம், மீட்பு, மனித மாண்பு என்று தலைப்புக் கொடுத்தபோது, இது தவக்காலத்தில் கோயிலில் பேச வேண்டிய தலைப்பாயிற்றே என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டேன். கோயிலில் பேசாததால்தான் இங்கே பேசச் சொல்கிறோம் என்றார்கள். சரியான பதில். இந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள், கடவுள் மறுப்பாளர்களும் இருக்கிறீர்கள், புத்தம் சரணம் சொல்கிறவர்களும் இருக்கிறீர்கள். நான் ஞானஸ்நானம் பெற்றவன், காலனியில் பிறந்தவன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும். மதம் பரப்ப வரவில்லை. மதத்தைத் திட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கவும் வரவில்லை. பாவம் என்ற ஒரு சொல் நம்முடைய சனங்களை என்ன செய்தது, அதே சொல்லை வைத்து நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

உள்ளூரிலிருந்தே தொடங்குகிறேன். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டிய ராணுவ நிலவெளி என்ற பெயரில் 12 கோட்டைகள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம்முடையது ஒன்றுதான். ஊருக்குப் பெருமை. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைக் காட்டுகிறார்கள். நான்காவதாக ஒரு சின்னக் குன்றும் இருக்கிறது. அதன் பெயர் சக்கிலிய துர்க்கம். அரசனுக்கு ஒரு மலை, ராணிக்கு ஒரு மலை, செருப்புத் தைத்தவர்களின் பெயருக்கு ஒரு குன்று. அதுவும் இருப்பதிலேயே சின்னது, காவல் குறைந்தது. கல்லுக்கே சாதி வைத்த மண் இது. இந்த மண்ணுக்கு வந்த சுவிசேஷம் என்ன ஆனது என்பதுதான் இன்றைய பேச்சு.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் காலம். நகரத்தைப் பார்த்து அசந்துபோய், போர்த்துகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு நிகரான ஊர் கிடையாது என்று எழுதினார். அரண்மனை, அகழி, படை எல்லாம் அவர் கண்ணில் பட்டன. ஐரோப்பியர்கள் அப்படித்தான் உள்ளே வந்தார்கள், மேலே இருந்து. அரசன் மனம் திரும்பினால் நாடு திரும்பும் என்று ஒரு கணக்கு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி அந்தக் கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். காவி உடுத்தி, புலால் விலக்கி, உயர்சாதிச் சந்நியாசியாகவே வாழ்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் ஆழக் கற்றார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உயர்சாதியினரிடம் போகிற குரு, சேரிக்குள் கால் வைக்க முடியாது. அதனால் பிற்பாடு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் வந்தார்கள். ஒரே சபை, ஒரே இயேசு, இரண்டு வகைக் குருக்கள். நம்முடைய டீக்கடை இரட்டைக் குவளையின் பாட்டன் இது.

இப்போது பக்கத்தில் இருக்கிற புதுச்சேரிக்கு வருவோம். 1703இல் ரோமிலிருந்து தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் அங்கே வந்து இறங்கினார். இங்குள்ள குருமார்கள் உள்ளூர் வழக்கத்துக்கு எவ்வளவு தூரம் வளைந்து கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, 1704 ஜூனில் ஓர் ஆணை போட்டார். மலபார் சடங்குகள் விவகாரம் என்று வரலாற்றில் சொல்வார்கள். அதில் பல விஷயங்கள் உண்டு. தாலி, திருநீறு, பூப்பு நீராட்டு என்று நீளும். பாட நூல்களில் அதையெல்லாம் பண்பாட்டுச் சிக்கல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நான் இரண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, எச்சில். அந்தக் காலத்து ஞானஸ்நானச் சடங்கில் குரு தன் எச்சிலைத் தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். இயேசு, காது கேளாத ஒருவரைத் தொட்டுக் குணமாக்கிய நிகழ்ச்சி மாற்கு நற்செய்தியில் வருகிறதல்லவா, அதன் நினைவாக. நம்மூர்ச் சாதிக்காரர்களுக்கு இன்னொருவன் எச்சில் மேலே படுவதா என்று அருவருப்பு. குருமார்கள் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். விடக் கூடாது என்றார் தூர்னோன்.

இரண்டாவதுதான் கொடுமை. ஒரு கிறித்தவர் சாகக் கிடக்கும்போது குரு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசி, நன்மை கொடுக்க வேண்டும். அது கத்தோலிக்கருக்குக் கடைசி வழித்துணை. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால்? உயர்சாதியினருக்கான குரு அந்தக் குடிசைக்குள் நுழைய மாட்டார். நுழைந்தால் அவருக்குத் தீட்டு. தீட்டுப்பட்டவரிடம் சாதிக் கிறித்தவர்கள் வர மாட்டார்கள். நோயாளியைத்தான் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். உயிர் போகிற ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக் குருவிடம் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். பாவமன்னிப்பு வாசற்படி தாண்டாது. தூர்னோன் இதைக் கண்டித்து, நோயாளி பறையரானாலும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார்.

உடனே நடந்ததா? நாற்பது வருடம் வழக்காடினார்கள். கடைசியில் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பரசர் தீர்த்துச் சொன்னபோது, ஒரு சமரசம் வந்தது. பறையர்களுக்கு மட்டும் தனி மறைப்பணியாளர்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசு சபையார் கேட்டார்கள்; ரோம் ஒத்துக்கொண்டது. குடிசைக்குள் நுழைய ஆள் கிடைத்தது. ஆனால் அந்த ஆள் வேறு ஆள். தீண்டாமை போகவில்லை, அதற்கு ஒரு தனித்துறை ஏற்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த வருடமே, 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரி சம்பா கோயிலைப் பற்றி ஒரு செய்தி எழுதுகிறார். கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அதை இடித்ததும் சாதிக் கிறித்தவர்களிடையே கலகம். பிள்ளைக்குக் கிறித்தவத்தில் அக்கறையில்லை. ஊர்வம்பு மாதிரி எழுதிவைத்தார். அதனாலேயே அந்தச் சாட்சி வலுவானது.

சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த தம்பிமார்கள் சிரிக்க வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முற்றாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். கர்த்தரின் பந்தியில் ஒரே வரிசை என்பதை அவர்களால் விழுங்க முடியவில்லை. அப்போது சாதிக்கு ஆதரவாக வாதாடியவர்களில் பெரும் புலவர்களும் உண்டு.

சரி, வரலாறு போதும். கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் உபதேசியார் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஜென்ம பாவம். ஆதாம் ஏவாள் செய்த பாவம் பிறக்கும்போதே நம்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஞானஸ்நானத்தில் அது கழுவப்படுகிறது. இந்தச் சொல்லையே கவனியுங்கள். ஜென்மம். ஆப்பிரிக்காவில் அகுஸ்தினார் எழுதிய ஒரு கருத்தை நம் மொழிக்குக் கொண்டுவந்தபோது, இங்கே ஏற்கெனவே குடியிருந்த சொல்லில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜென்மம் என்றால் நம் சனங்களின் காதில் என்ன விழும்? போன ஜென்மத்து வினை. எங்கள் ஆயா கடைசி வரைக்கும் இரண்டையும் ஒன்றாகத்தான் புரிந்து வைத்திருந்தாள். இப்படிப் பிறந்ததற்கு ஏதோ பாவம் பண்ணியிருக்கோம், சேசுசாமி மன்னிக்கணும் என்பாள். ஆண்டையின் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிவிட்டு வந்து, பாவம் செய்தது தான்தான் என்று மார்பில் தட்டிக்கொள்வாள்.

டாக்டர் அம்பேத்கர் பிடித்தது சரியாக இந்த இடத்தைத்தான். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி அவர் எழுதி வைத்த கட்டுரை அவர் காலத்தில் வெளிவரவில்லை. பிறகு தொகுதிகளில் வந்தது. கிறித்தவரான பிறகும் இந்த மக்கள் ஏன் தங்கள் மேலுள்ள அநீதியை எதிர்த்து எழவில்லை என்று கேட்கிறார். அவர் சொல்கிற காரணங்களில் ஒன்று இந்த ஆதிபாவக் கொள்கை. மனிதன் வீழ்ந்து கிடப்பதற்குக் காரணம் அவனுடைய பாவம் என்று மிஷனரி கற்பிக்கிறார். சமூகவியலோ, மனிதனை வீழ்த்தியது அவனைச் சுற்றியிருக்கிற நிலைமை என்கிறது. முதலாவதை நம்புகிறவன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பான், நிலைமையை மாற்றக் கிளம்ப மாட்டான். இறையியல் ரீதியில் அந்தக் கொள்கைக்கு என்ன மதிப்பு இருந்தாலும் சமூக ரீதியில் அது நாசம் என்பது அவர் தீர்ப்பு. கிறித்தவ மேடைகளில் அம்பேத்கர் படம் வைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டும். கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தாலும் பேச வேண்டும்.

நான் அம்பேத்கரோடு இந்த இடத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். அதற்கு மேல் ஒரு விஷயத்தையும் சேர்க்கிறேன். இந்தக் கொள்கையை அதன் சொந்த வீட்டில் வைத்துப் பார்த்தால் அதற்குள் ஒரு வெடிமருந்து இருக்கிறது. எல்லாரும் பாவிகள் என்றால் எல்லாரும்தான். ராஜகிரி மேலே பிறந்தவனும் பாவி, சக்கிலிய துர்க்கத்தின் அடியில் பிறந்தவனும் பாவி. பிறப்பால் சுத்தமானவன் என்று ஒருத்தனும் கிடையாது. சாதி சொல்வது இதற்கு நேர் எதிர். சாதியில் அழுக்கு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடையாது. ஒருவன் பிறக்கும்போதே சுத்தம், இன்னொருவன் பிறக்கும்போதே தீட்டு, நடுவில் படிப்படியாக ஏணி. ஆதிபாவத்தை உண்மையாக நம்புகிற எவனும் பிறப்பில் தூய்மை பேச முடியாது. அப்படிப் பேசினால் அவனுக்கு ஞானஸ்நானமே தேவையில்லை என்று ஆகிவிடும். தமிழ்நாட்டுச் சபை என்ன செய்தது? எல்லாருக்கும் சமமாகப் பாவத்தைக் கொடுத்த கொள்கையில், சமம் என்பதை உருவிவிட்டு, பாவம் என்பதை மட்டும் சேரிக்கு அனுப்பி வைத்தது.

அதற்கு முன்னால் இன்னொன்றும் இருக்கிறது. விவிலியம் பாவத்தில் தொடங்கவில்லை. முதல் அதிகாரத்திலேயே மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டார்கள் என்று வருகிறது. ஆண், பெண் என்று சொல்கிறது; பிராமணர் என்றோ பறையர் என்றோ சொல்லவில்லை. தலையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்ற பிரிவினை அங்கே இல்லை. பாவம் மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. எங்கள் உபதேசியார் முதல் அதிகாரத்தை வேகமாகத் தாண்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் தாண்டினார்கள்.

1980களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியல் என்று தொடங்கியபோது செய்தது, இந்தத் தாண்டலை நிறுத்தியதுதான். மதுரையில் தியாபிலஸ் அப்பாவு, நாமெல்லாம் பரட்டை என்று அறிந்தவர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்று நாட்டுப்புறப் பாட்டிலேயே இறையியல் பேசினார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. மடத்துக்குள் போய், உள்ளேயும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியே வந்த ஒரு பெண்ணின் எழுத்து. இந்த மூன்றையும் படிக்காமல் கிறித்தவமும் சாதியும் பற்றிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இனி நம்முடைய உயர்மறைமாவட்டத்துக்கு வருவோம். செஞ்சி புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இன்று கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்ட இறையூரும் அதே உயர்மறைமாவட்டம்தான். ஜெபமாலை மாதா கோயில். வன்னியக் கிறித்தவர்கள் பெரும்பான்மை, தலித் கிறித்தவர்கள் சிறுபான்மை. பிணம் எடுத்துப்போகத் தனி வழி, புதைக்கத் தனிக் கல்லறை. தலித்துகள் சகாய மாதாவுக்குத் தங்கள் பக்கத்தில் ஒரு கோயில் கட்டிக்கொண்டு, எங்களைத் தனிப் பங்காக்குங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் தலித்துகளின் தெருவைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியர்கள்.

அது தவக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். நெற்றியில் சாம்பல் பூசி, மனம் திரும்புங்கள் என்று சொல்லி ஒரு மாதம்கூட முழுதாக முடிந்திருக்கும். செத்த இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் சாவுக்காக நான் சந்தோஷப்படவில்லை. ஒரே திருப்பந்தியில் பக்கத்தில் உட்கார மறுப்பதற்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஒருவனுக்கு எதைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கொலை பாவம், திருட்டு பாவம், ஞாயிறு பூசைக்கு வராதது பாவம் என்று பட்டியல் போட்டுச் சொன்னவர்கள், சாதி பாவம் என்று அவன் காதில் விழும்படி எத்தனை முறை சொன்னார்கள்?

காகிதத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்திய ஆயர் பேரவை 1982இல் திருச்சியில் கூடி, சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2003இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணமே வெளியிட்டது. அதில் சாதி சமூகப் பாவம் என்று ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். அதே ஆண்டு நம் உயர்மறைமாவட்டத்துக்குப் புதிய பேராயரை நியமித்தபோது, இங்கேயும் ஒரு தலித்துக்கு இடம் தரக் கூடாதா என்று தெருவில் நின்று கேட்டவர்கள் இருந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரித்து வைத்த சுவரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறுமையில் உயிர்த்தெழுவோம் என்று நம்புகிறவர்கள், உயிர்த்தெழும்போது பக்கத்தில் யார் எழுவார்கள் என்றுகூட யோசித்துச் சுவர் வைத்தார்கள் போலும். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் நடக்கும் தீண்டாமையை எதிர்த்து அங்குள்ள தலித் கிறித்தவர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

நீதிமன்றம் என்று சொன்னதும் எனக்கு சூசை ஞாபகம் வருகிறார். சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறித்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறித்தவர் என்பதால் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியாக முடியும். பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் ஒடுக்குமுறையும் கிறித்தவச் சமூகத்துக்குள் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தெருவில் போகிறவன் சூசையின் கையைப் பார்த்து ஒதுங்குகிறான். பெட்டிக்கடை கொடுக்கும்போது மட்டும் அரசு, நீ கிறித்தவன், உனக்குச் சாதியில்லை என்கிறது. 2022இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்தபோதும் இதே பாட்டுத்தான். கிறித்தவத்தில் தீண்டாமை இல்லை, ஆகவே உரிமை இல்லை. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், மதம் மாறியவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டது. சாதி பெயரைச் சொல்லித் திட்டுகிறவன், உன் மதம் என்ன என்று கேட்டுவிட்டா திட்டுகிறான்?

அப்படியானால் வாதம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். உரிமை வேண்டுமென்றால் கிறித்தவச் சமூகத்துக்குள் சாதி உயிரோடு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். யார் காட்டுவது? இறையூரைக் காட்ட வேண்டும், கல்லறைச் சுவரைக் காட்ட வேண்டும், குருத்துவப் பயிற்சியில் யாரைச் சேர்த்தோம், யாரைத் தள்ளினோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். சபையின் மானம் போகுமே என்று பங்குகள் தயங்குகின்றன. டெல்லியில் போராட்டத்தில் ஆயர்கள் முன்வரிசையில் நடக்கிறார்கள்; மகிழ்ச்சி. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பங்கில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று ஓர் அறிக்கை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தனி ஆள் முழந்தாளிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிற நிறுவனம், தான் ஒரு முறை முழுதாக ஒப்புக்கொண்டால் பல லட்சம் பேருக்கு உரிமைக் கதவு திறக்கும். 2022இல் அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் இதைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. அதன் காலக்கெடுவை நீட்டினார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் கிறித்தவ ஆதிதிராவிடருக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தோடு ஆதாரமும் சேர வேண்டும். அந்த ஆதாரம் சபையின் சொந்த அலமாரியில் இருக்கிறது.

மீட்பு பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

சீர்திருத்தச் சபையில் இரட்சிப்பு என்பார்கள், கத்தோலிக்கர் மீட்பு என்பார்கள். எனக்கு மீட்பு என்ற சொல்தான் பிடிக்கும். ஏனென்றால் அது நம் வீட்டுச் சொல். எங்கள் ஆயாவுக்கு மீட்பு என்றால் சேட்டுக்கடையில் வைத்த கம்மலைத் திருப்புவது. அடகில் போனதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவது. வேடிக்கை என்னவென்றால், மூலமொழியிலும் இதுதான் பொருள். எபிரேயத்தில் கோயேல் என்று ஒரு சொல். பங்காளி ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றுவிட்டாலோ, கடனுக்காகத் தன்னையே அடிமையாக விற்றுவிட்டாலோ, நெருங்கிய உறவினன் வந்து பணம் கட்டி மீட்க வேண்டும். அந்த உறவினன்தான் கோயேல். லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தை இன்றிரவு படியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலமெல்லாம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம். பாவமன்னிப்பு என்று நாம் மேகத்தில் ஏற்றி வைத்த சொல், தரையில் நிலமும் கடனும் அடிமைத்தனமுமாக இருந்த சொல்.

நம் மாவட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்றும் இந்தச் சொல் அதே பொருளில் புழங்குகிறது. செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் இருளர் குடும்பங்களைக் கூட்டிவந்து, கொத்தடிமை மீட்பு என்று கோப்பில் எழுதுகிறார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் பழைய கடன் செல்லாது. என்னைக் கேட்டால், மீட்பு பற்றிய நல்ல இறையியல் அந்த ஒரு தாளில் இருக்கிறது. நீ பட்ட கடன் செல்லாது, நீ யாருக்கும் சொந்தமில்லை.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் எவ்வளவு இன்று யார் கையில் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணை கிராமத்தில் அந்த நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் பெயர் ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள். ஒரே நிலத்துக்காக ஒரே நாளில். ஐம்பதாம் ஆண்டு நிலம் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிற புத்தகத்தை எடுத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள், எத்தனை கோயில்களில் அக்டோபர் 10 அன்று இந்த இருவருக்கும் பூசை வைக்கிறார்கள்?

பக்கத்துச் சேத்துப்பட்டில் தர்ராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தாது வருடப் பஞ்சத்தின்போதும் பிறகும் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தார். பெரும்பாலும் நம் சனங்கள். அரிசிக் கிறித்தவர்கள் என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். பசியில் செத்துக்கொண்டிருந்தவன், தன் குடிசைக்குள் குனிந்து நுழைந்த ஒரு மனிதனைப் பார்த்து மதம் மாறினான் என்றால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? 1704இல் ரோமிலிருந்து வந்த தூதர் ஆணை போட்டும் பலருக்குக் கிடைக்காதது அது. அரிசிக்கு மேலே ஒன்றை அவன் வாங்கினான். அதை அவனுக்குச் சபை பிறகு முழுதாகக் கொடுத்ததா என்பதுதான் நியாயமான கேள்வி.

கத்தோலிக்க மரபில் பாவம் தீர மூன்று வேண்டும் என்பார்கள். மனம் வருந்த வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். லூக்காவில் சக்கேயு என்ற வரி வசூலிக்கிறவன் வருகிறான். இயேசு அவன் வீட்டுக்குப் போனதும், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். வரிசையைக் கவனியுங்கள். நம் ஊரில் சாதிப் பாவத்துக்கு வருத்தம் தெரிவித்தாயிற்று. ஆவணத்தில் வாயாலும் சொல்லியாயிற்று. மூன்றாவது பாக்கி. எந்தக் கல்லறையில் எந்தச் சுவரை இடிப்பீர்கள்? தேர் எந்தத் தெருவுக்குள் வரும்? பள்ளிக்கூடங்களில் எத்தனை ஆசிரியர் பணியிடம்? மறைமாவட்டப் பெயரில் உள்ள நிலத்தில் எவ்வளவு யாருக்கு? இதற்கெல்லாம் எண்ணில் பதில் வர வேண்டும். நாலு மடங்கு என்பது எண்.

உங்களில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் பங்கின் கல்லறையைப் போய்ப் பாருங்கள். பங்குப் பேரவையில் யார் யார் என்று எழுதுங்கள். திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது என்று வரைபடம் போடுங்கள். தேதியோடு, படத்தோடு. அது ஆணையத்துக்கும் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம், பேராயர் இல்லத்துக்கும் போகலாம். கோயிலுக்குப் போகாதவர்கள் அந்த எழுத்து வேலைக்குத் துணை நில்லுங்கள். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலைச் சீல் வைத்தபோது நாமெல்லாம் எழுதினோம், பேசினோம். இறையூருக்கும் அதே அளவு எழுத வேண்டும்.

என் ஆயா மார்பில் தட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் செய்த பாவம் என்ன என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆயா இன்னும் இருந்தால், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்விகள் இருக்கும் என்று தெரியும். முன்வரிசையில் இருக்கிற தங்கை முதலில் கேட்கட்டும்.